ஒரு ரூபாய்த் தீப்பெட்டியின் 14 ஆண்டுகள்

2021 டிசம்பர் 1ஆம் தேதி தீப்பெட்டி இரண்டு ரூபாய் ஆனது. அதற்கு முந்தைய விலையேற்றம் 2007இல், 50 காசிலிருந்து ஒரு ரூபாய்க்கு. அதற்கும் முந்தையது 1995இல், 25 காசிலிருந்து 50 காசுக்கு. இடைப்பட்ட காலத்தில் டீயும் பாலும் பேருந்துக் கட்டணமும் ஏறிக்கொண்டே போயின. பெட்டிக்கடைக்காரர் தீப்பெட்டியை மட்டும் 14 ஆண்டுகள் அதே ஒரு ரூபாய்க்கு எடுத்துக் கொடுத்தார்.

சிவகாசியில் கூடி இந்த முடிவை எடுத்த உற்பத்தியாளர்கள் கணக்கோடுதான் வந்தார்கள். கிலோ 425 ரூபாய்க்கு வாங்கிய சிவப்பு பாஸ்பரஸ் 810 ரூபாய் ஆகியிருந்தது. மெழுகு 58லிருந்து 80. மேல்பெட்டி அட்டை 36லிருந்து 55, அடிப்பெட்டி அட்டை 32லிருந்து 58. 600 பெட்டி கொண்ட பண்டல் 270 முதல் 300 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. அதை 430 முதல் 480 வரை கொண்டுபோவது என்று தீர்மானித்தார்கள்.

ஏழாயிரம்பண்ணை மாதிரி ஊர்களில் இது கடைக்கோடிச் செய்தி அல்ல. சாத்தூர், கோவில்பட்டி, சிவகாசி, வெம்பக்கோட்டை என்று இந்தக் கரிசல் வட்டாரம் முழுக்க மழை குறைவு. வானம் பார்த்த பூமி. 1922இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பிய நாளிலிருந்து, காடு கைவிட்ட வருடங்களில் கஞ்சி ஊற்றியது தீப்பெட்டி ஆபீஸும் (தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) பின்னால் வந்த பட்டாசு ஆலையும்தான். பாஸ்பரஸ் விலை ஏறினால் கட்டை அடுக்குகிற பெண்ணின் கூலிப் பேச்சு வரை அது வந்து தொடும்.

அந்த நேரத்தில் ஓர் உற்பத்தியாளர் கேட்டிருக்கக்கூடிய கேள்விதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. வந்திருக்கும் ஏற்றத்தில் எவ்வளவு நிற்கும், எவ்வளவு கரைந்துபோகும்? 2021 செப்டம்பரில் சீனாவின் யுன்னான் மாநிலம் மின்தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, மஞ்சள் பாஸ்பரஸ் உற்பத்தியை ஆகஸ்ட் அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கச் சொன்னது. சிவப்பு பாஸ்பரஸுக்கு மூலம் மஞ்சள் பாஸ்பரஸ். சீனச் சந்தையில் விலை எகிறியது. ஆண்டு முடிவதற்குள் உச்சியிலிருந்து இறங்கவும் செய்தது. அப்படியானால் பாஸ்பரஸ் ஏற்றம் வந்துபோகும் விருந்தாளி. அட்டை ஏற்றம்? மெழுகு ஏற்றம்? விலையை நிர்ணயிக்கிறவர் இவற்றைப் பிரித்தாக வேண்டும். நான்கு மாத ஏற்றத்துக்காக 14 வருட விலையை மாற்றிவிட முடியாது. நிரந்தர ஏற்றத்தை நான்கு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்றால் முதல் கரைந்துவிடும்.

பிரிப்பதற்கு ஒரு கணித வழி உண்டு. அது எதைச் செய்யும், எந்த இடத்தில் கையை விரிக்கும் என்பதைப் பார்க்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1926இல் உட்னி யூல் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் ஒரு வேடிக்கையைக் காட்டினார். 1866 முதல் 1911 வரை இங்கிலாந்தில் மொத்தத் திருமணங்களில் தேவாலயத் திருமணங்களின் பங்கு ஒரு பக்கம், அதே காலத்தின் இறப்பு விகிதம் மறுபக்கம். இரண்டுக்கும் ஒட்டுறவு 0.95. பாதிரியார் முன்னால் கல்யாணம் செய்தால் ஊரில் சாவு கூடும் என்று பொருளா? இரண்டும் தத்தம் காரணங்களால் மெல்லக் குறைந்துவந்தன, அவ்வளவுதான். 1974இல் கிளைவ் கிரேஞ்சரும் பால் நியூபோல்டும் இன்னொரு படி போனார்கள். முந்தைய அத்தியாயத்தில் பார்த்த தற்போக்கு நடை நினைவிருக்கும்: நேற்றைய இடத்திலிருந்து இன்று எந்தப் பக்கமாகவும் ஓர் அடி, திரும்பி வர வேண்டிய வீடு என்று ஒன்று கிடையாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இப்படிப்பட்ட இரண்டு தொடர்களைக் கணினியில் உருவாக்கி ஒன்றை வைத்து மற்றதை விளக்கச் சொன்னால், பெரும்பாலான முறை "உறவு உண்டு" என்றே வழக்கமான சோதனைகள் சாதித்தன.

ஆகவே அலைந்து திரியும் தொடர்களை நேரடியாக ஒப்பிடாதே, மாதத்துக்கு மாதம் ஏற்பட்ட மாற்றங்களை மட்டும் ஒப்பிடு என்று அறிவுரை பரவியது. இது பாதுகாப்பான வழி. ஆனால் விலை மட்டம் என்ற தகவலையே குப்பையில் போடும் வழி. பண்டல் விலை செலவைவிட எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது அடுத்த மாதம் என்ன நடக்கும் என்று சொல்லக்கூடிய முக்கியமான சங்கதி. மாற்றங்களை மட்டும் பார்க்கிறவருக்கு அது கண்ணில் படாது.

டேவிட் ஹெண்ட்ரி கிரேஞ்சரிடம் ஒரு வாதம் வைத்தார். அலைந்து திரியும் இரண்டு தொடர்களின் வித்தியாசம் அலையாமல் ஒரு மட்டத்தைச் சுற்றியே நிற்கக்கூடும் என்றார். முடியாது என்றார் கிரேஞ்சர். முடியாது என்று நிரூபிக்க உட்கார்ந்தவர், முடியும் என்று நிரூபித்துவிட்டு எழுந்தார். தோற்ற வாதத்துக்கு இவ்வளவு பெரிய பரிசு வேறு யாருக்கும் கிடைத்திருக்காது. 1987இல் ராபர்ட் எங்கிளுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் அந்தக் கருத்து முழு வடிவம் பெற்றது. 2003இல் பொருளியல் நோபல். அந்தக் கருத்துக்குக் கிரேஞ்சர் வைத்த பெயர் கோஇன்டகிரேஷன். கூட்டிணைவு என்று வைத்துக்கொள்வோம். அச்சில் இரண்டு கோடும் கண்டபடி ஏறி இறங்கும். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு கட்டு இருக்கும். தூரம் கூடினால் ஏதோ ஒன்று அதைக் குறைக்கும்.

எது குறைக்கும் என்பதில்தான் இந்த அத்தியாயத்தின் உயிர் இருக்கிறது. மைக்கேல் மரே 1994இல் மாணவர்களுக்காக ஒரு கதை எழுதினார். குடித்துவிட்டுத் தள்ளாடி நடக்கும் ஒரு பெண், பின்னால் அவளுடைய நாய். அவள் அவ்வப்போது நாயைக் கூப்பிடுகிறாள், நாய் குரைத்து அவளைத் தேடுகிறது, அதனால் இருவரும் அதிகம் விலகுவதில்லை. அழகான கதை. நாய் மட்டுமே அவளைத் தேடி ஓடுகிறது என்றால் என்ன ஆகும், இருவரும் பாதி பாதி வருகிறார்கள் என்றால் என்ன ஆகும் என்பதைத்தான் இன்னும் அழுத்திக் கேட்க வேண்டும். இருவரும் கடைசியில் எந்தத் தெருவில் போய்ச் சேர்வார்கள் என்பது அதைப் பொறுத்தது.

தீப்பெட்டிக்கு வருவோம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. பண்டல் விலைக்கும் பண்டல் செலவுக்கும் இடையே வழக்கமான ஓர் இடைவெளி இருக்கிறது. இடைவெளி வழக்கத்திலிருந்து விலகினால், விலகலில் 20 சதவீதம் அடுத்த மாதத்தில் மூடப்படும்.

முதலில், விலை மட்டுமே வளைகிறது என்று கொள்வோம். செலவு திடீரென்று 10 ரூபாய் ஏறுகிறது. விலை முதல் மாதம் 2 ரூபாய் ஏறும், அடுத்து 1.60, அடுத்து 1.28. மூன்று மாதத்தில் ஏறக்குறைய பாதி. போகப் போக முழுப் பத்தும். இப்போது செலவு அப்படியே இருக்க, ஏதோ ஒரு பருவத் தேவையால் விலை மட்டும் 10 ரூபாய் ஏறுகிறது. அது அதே வேகத்தில் கரைந்து பழைய இடத்துக்கே வரும். செலவில் விழும் அடி நிரந்தரம், விலையில் விழும் அடி தற்காலிகம். தெளிவான உலகம்.

உண்மையான உலகில் செலவும் சும்மா இருப்பதில்லை. பண்டல் நல்ல விலைக்குப் போகிறது என்று தெரிந்தால் குச்சி தருகிறவர் கூடக் கேட்பார், அட்டைக்காரர் பழைய விலைக்கு இல்லை என்பார், கூலி பேசும்போது ஆபீஸில் குரல் உயரும். விலகலில் 15 சதவீதத்தை விலை மூடுகிறது, 5 சதவீதத்தைச் செலவு மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் அதே 20தான். ஆனால் கதை மாறிவிடுகிறது. செலவு 10 ரூபாய் ஏறினால் முதல் மாதம் விலை 1.50 ஏறும், செலவு 50 காசு இறங்கும். கடைசியில் இரண்டும் நிற்கும் இடம் 7.50. விலை 10 ரூபாய் ஏறினால், விலை இறங்க, செலவு ஏற, இரண்டும் 2.50இல் சந்திக்கும். இப்போது இரண்டு அடியிலும் கொஞ்சம் நிரந்தரம், கொஞ்சம் தற்காலிகம்.

இந்த எண்களுக்குள் ஒரு விதி ஒளிந்திருக்கிறது. விலையையும் செலவின் மூன்று மடங்கையும் கூட்டிப் பாருங்கள். சரிக்கட்டல் நடக்கும்போது விலை மூன்று பங்கு இறங்கினால் செலவு ஒரு பங்கு ஏறுகிறது. அதனால் இந்தக் கூட்டுத்தொகை அசையவே அசையாது. புதிதாக ஏதாவது வந்து மோதினால்தான் மாறும். மாறினால் அப்படியே நிற்கும். நிரந்தர அதிர்வு என்பது இந்தக் கூட்டுத்தொகையில் விழுவது மட்டுமே. செலவு ஒரு ரூபாய் ஏறி அதே சமயம் விலை மூன்று ரூபாய் இறங்கினால் கூட்டுத்தொகையில் மாற்றம் பூஜ்யம். அது எவ்வளவு ஆரவாரமாக வந்தாலும் சுவடில்லாமல் போய்விடும்.

விலைக்கு ஒரு பங்கு, செலவுக்கு மூன்று பங்கு என்ற இந்த எடையைக் கவனியுங்கள். வேகமாக வளைகிறவருக்குக் குறைந்த எடை, வளைய மறுக்கிறவருக்கு அதிக எடை. முதல் உலகில் செலவு துளியும் வளையவில்லை. முழு எடையும் அதற்கே போனது. சந்தையில் பிடிவாதக்காரர்தான் எல்லோரையும் தன் இடத்துக்கு இழுத்துப் போகிறார். ஹெசூஸ் கோன்சாலோவும் கிரேஞ்சரும் 1995இல் இந்த எடையைத் தரவிலிருந்தே எடுக்கும் முறையை வகுத்துத் தந்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே டென்மார்க்கின் சோரன் யோஹான்சன் ஒரே நேரத்தில் பல தொடர்களை வைத்து, அவற்றுக்குள் எத்தனை கட்டுகள் உள்ளன என்று சோதிக்கும் வழியைக் கொடுத்திருந்தார்.

கட்டுகளை எண்ணத் தெரிந்தால் நிரந்தர அதிர்வுகளையும் எண்ணலாம். கணக்கு எளிது: தொடர்களின் எண்ணிக்கையிலிருந்து கட்டுகளின் எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும். இரண்டு தொடர், ஒரு கட்டு என்றால் நிரந்தர அதிர்வு ஒன்று, தற்காலிகம் ஒன்று. வேறு எந்த ஊகமும் வேண்டாம். இரண்டு அதிர்வுகளும் ஒன்றையொன்று சாராதவை என்று மட்டும் கொண்டால் போதும், பிரிவினை முடிந்தது. மூன்று தொடர், இரண்டு கட்டு என்றாலும் நிரந்தரம் ஒன்றே.

இந்தக் கடைசி வகைக்குப் புகழ்பெற்ற உதாரணம் அமெரிக்காவில் உண்டு. 1991இல் ராபர்ட் கிங், சார்ல்ஸ் பிளாசர், ஜேம்ஸ் ஸ்டாக், மார்க் வாட்சன் ஆகியோர் நாட்டு உற்பத்தி, நுகர்வு, முதலீடு என்ற மூன்று தொடர்களை எடுத்தார்கள். உற்பத்தியில் நுகர்வின் பங்கும் முதலீட்டின் பங்கும் நீண்டகாலத்தில் ஒரு மட்டத்தைச் சுற்றியே நிற்கின்றன, கட்டு இரண்டு. மிஞ்சியது ஒரே ஒரு நிரந்தர அதிர்வு. அதற்கு உற்பத்தித்திறன் என்று பெயர் வைத்தார்கள்.

பெயர் வைத்தது அவர்கள். தரவு "ஒன்று" என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டது. உற்பத்தித்திறன் என்ற சொல் வளர்ச்சிக் கோட்பாட்டிலிருந்து வந்தது. அதே கட்டுரையில் பணம், விலைவாசி, வட்டி ஆகியவற்றைச் சேர்த்தபோது நிரந்தர அதிர்வுகள் மூன்றாயின. ஏற்ற இறக்கத்தை விளக்குவதில் உற்பத்தித்திறனின் பங்கும் குறைந்தது. இதற்கு இரண்டு ஆண்டுகள் முன், ஒலிவியே பிளாங்ஷாரும் பினாங்கில் பிறந்த டேனி க்வாவும் உற்பத்தியையும் வேலையின்மையையும் வைத்து ஒரு பிரிவினை செய்திருந்தார்கள். தேவையில் ஏற்படும் அதிர்வு உற்பத்தியை நீண்டகாலத்தில் மாற்றாது என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. அதையும் தரவு சொல்லவில்லை; அவர்கள் தரவிடம் சொன்னார்கள். எத்தனை என்பதை எண்கள் சொல்லும். எது என்பதைத் தொழில் தெரிந்தவர் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் எழுதப்படும் கட்டுரைகளில் முக்கால்வாசிச் சண்டை இந்த எல்லைக்கோட்டில்தான் நடக்கிறது.

நிரந்தர அதிர்வு ஒன்றுக்கு மேல் போகும்போது சண்டை நிஜமாகவே தொடங்கும். தீப்பெட்டியில் மூன்றாவது தொடராக விற்ற பண்டல்களின் எண்ணிக்கையைச் சேருங்கள். விலையும் செலவும் கட்டுண்டவை. விற்பனை தன் வழியில் அலைகிறது. மூன்று தொடர், ஒரு கட்டு. நிரந்தர அதிர்வு இரண்டு. முதல் அதிர்வு மூலப்பொருள் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது? கேஸ் அடுப்புக்குத் துப்பாக்கி லைட்டர், பீடிக்கும் சிகரெட்டுக்கும் பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர். தமிழ்நாட்டு உற்பத்தியாளர்கள் பல ஆண்டுகளாகப் புலம்பிய விஷயம் இது. 2022 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் இந்த லைட்டர்களைத் தடை செய்யக் கோரி மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூன் இறுதியில் 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது.

இரண்டு நிரந்தர அதிர்வுகளும் தரவில் பின்னிக் கிடக்கும். அவற்றைப் பிரிக்க வெளியிலிருந்து ஒரு நிபந்தனை தேவை, ஒன்றே போதும். (மூன்று நிரந்தர அதிர்வுகள் என்றால் மூன்று நிபந்தனை, நான்கு என்றால் ஆறு. பட்டியலை நீட்டினால் நிபந்தனைக்குப் பஞ்சம் வந்துவிடும். அதனால்தான் நல்ல ஆய்வுகள் தொடர்களைச் சிக்கனமாகச் சேர்க்கின்றன.) இயல்பாகத் தோன்றும் நிபந்தனை இது: லைட்டரின் வரவு ஒரு பண்டலின் செலவை நீண்டகாலத்தில் மாற்றாது. பாஸ்பரஸ் விலை உலகச் சந்தையில், மெழுகு விலை கச்சா எண்ணெயோடு, அட்டை விலை காகித ஆலையில் முடிவாகிறது. சாத்தூர்க்காரர் எத்தனை பண்டல் விற்றார் என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. ஆகவே செலவின் நீண்டகாலப் போக்கு முழுவதும் மூலப்பொருள் கணக்கில். விற்பனையின் போக்கில் அது போக மிஞ்சியது லைட்டர் கணக்கில்.

நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தொழிலுக்குள் இருப்பவர் ஒருவர் குறுக்கே கேட்பார்: விற்பனை படுத்தால் எந்த ஆபீஸ் முதலில் மூடும்? கையால் கட்டை அடுக்கி மருந்து முக்குகிற சின்ன ஆபீஸ். எது தாக்குப்பிடிக்கும்? முழு இயந்திரம் போட்டது. இயந்திரத்தில் பண்டல் செலவு குறைவு. அப்படியானால் லைட்டர் சிறியவர்களை வெளியேற்றி, தொழிலின் சராசரிச் செலவையே நிரந்தரமாகக் கீழே தள்ளுகிறது. நிபந்தனை உடைந்தது. 2020 ஏப்ரல் வரை கையால் செய்ததற்கு 5 சதவீதமும் மற்றதற்கு 18 சதவீதமும் ஜிஎஸ்டி இருந்து, பிறகு எல்லாவற்றுக்கும் 12 என்று ஆனதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கைத்தொழிலுக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான தராசு அந்த ஒரு நாளில் சாய்ந்தது.

நிபந்தனை தவறு என்றால் கணினி எச்சரிக்குமா? எச்சரிக்காது. தேவையான எண்ணிக்கைக்குச் சரியாக நிபந்தனை வைத்தால், எந்த நிபந்தனை வைத்தாலும் மாதிரி தரவோடு ஒரே அளவுக்குத்தான் பொருந்தும். சரியான பிரிவினைக்கும் தப்பான பிரிவினைக்கும் அச்சில் வரும் கோடுகள் ஒன்றுபோல் மழமழவென்று இருக்கும். லைட்டர் செய்ததில் ஒரு பகுதியை அது சத்தமில்லாமல் மூலப்பொருளின் தலையில் கட்டிவிட்டு, படத்தை வரைந்து கொடுத்துவிடும். 1927இல் இ. ஜே. வொர்க்கிங் வேறொரு வடிவத்தில் சொன்ன சிக்கல் இது: சந்தையில் கிடைக்கும் விலையையும் அளவையும் மட்டும் வைத்து, நாம் பார்ப்பது தேவையின் கோடா வழங்கலின் கோடா என்று சொல்ல முடியாது. இடையில் எவ்வளவோ கணிதம் வந்தும் அந்த முடிச்சு அப்படியேதான் இருக்கிறது.

தப்பிக்க ஒரு வழி, தேதி தெரிந்த நிகழ்ச்சிகளைச் சாட்சிக்கு அழைப்பது. "லைட்டர்" என்று நாம் பெயரிட்ட அதிர்வுத் தொடரில் 2023 நடுவில் ஏதாவது அசைவு தெரிகிறதா? "மூலப்பொருள்" என்று பெயரிட்டதில் 2021 செப்டம்பரும் அக்டோபரும் தலைதூக்கி நிற்கின்றனவா? நிற்கவில்லை என்றால் பெயரை மாற்ற வேண்டும், அல்லது நிபந்தனையை. நான் பார்த்தவரை, பெயர்ப்பலகை மாட்டுவதில் ஆர்வமாக இருக்கும் ஆய்வுகள் இந்தச் சோதனையில் அவ்வளவு ஆர்வம் காட்டுவதில்லை.

அடுத்த தொல்லை இன்னும் ஆழமானது. நீண்டகாலம் என்று எதைச் சொல்கிறோம்? கணிதத்தில் அது முடிவிலி. நம் கையில் இருப்பது சில பத்தாண்டுத் தரவு. ஜான் ஃபாஸ்டும் எரிக் லீப்பரும் 1997இல் இதைக் கறாராகக் காட்டினார்கள்: முடிவிலியில் விதிக்கும் நிபந்தனையை வைத்து, முடிவுள்ள தரவிலிருந்து அதிர்வுகளைப் பிரித்தால், கூடுதல் ஊகங்கள் இல்லாதவரை அந்த விடையின் மேல் நம்பகமான எல்லை எதையும் போட முடியாது. மெல்லக் கரையும் அதிர்வையும் கரையாத அதிர்வையும் 20 வருடத்தில் வேறுபடுத்திச் சொல்வது கடினம். மாதத் தரவை வாரத் தரவாக மாற்றினால் வரிகள் கூடும், வருடங்கள் கூடாது.

தீப்பெட்டியின் சில்லறை விலை இதற்கு முற்றிய உதாரணம். 1995, 2007, 2021. மாதக் கணக்கில் முந்நூறுக்கும் மேற்பட்ட வரிகள் எழுதலாம். அவற்றில் விலை அசைந்த வரிகள் மூன்றே மூன்று. இடையில் உள்ளவை எல்லாம் அதே எண்ணின் நகல். மேலே நான் சொன்ன 20 சதவீதச் சரிக்கட்டல் இங்கே நடக்கவே இல்லை, நாணயம் தடுத்தது. ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் நடுவே விற்க வழியில்லை என்றால், விலகல் ஓர் எல்லையைத் தாண்டும்வரை ஒன்றும் நடக்காது, தாண்டியதும் ஒரே நாளில் எல்லாம் நடக்கும். நேதன் பால்க்கும் தாமஸ் ஃபாம்பியும் 1997இல் இத்தகைய வாசல்படிக் கூட்டிணைவுக்கு ஒரு மாதிரி வகுத்தார்கள். படி தாண்டும் மாதிரியிலும் மூன்று தாண்டல்களை வைத்து என்ன மதிப்பிட முடியும் என்பது வேறு கேள்வி.

கடைக்காரர் சொல்லும் விலையைவிட ஆபீஸின் பேரேடு உபயோகமானது. பண்டல் விலை அடிக்கடி பேசி முடிக்கப்படுவது. அங்கே சரிக்கட்டல் தெரியும். இன்னொரு இடத்திலும் தெரியும்: பெட்டிக்குள். 2021 விலையேற்றத்தின்போது 36 குச்சிப் பெட்டி 50 குச்சிப் பெட்டியானது. பெட்டியின் விலை ஏறியது 100 சதவீதம். ஒரு குச்சியின் விலை 2.78 காசிலிருந்து 4 காசு, அதாவது 44 சதவீதம். பண்டல் விலை ஏறக்குறைய 60 சதவீதம். ஒரே நிகழ்ச்சிக்கு மூன்று அளவுகள். விலை அசையாத 14 வருடங்களில் செலவின் அழுத்தத்தை எது வாங்கிக்கொண்டது என்று தேடுகிறவர், குச்சியின் எண்ணிக்கையையும் நீளத்தையும் தொடராக எழுதிப் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது. தப்பான தொடரை எடுத்தால் கட்டே இல்லை என்று சோதனை சொல்லும். கட்டு பெட்டிக்குள் இருந்திருக்கும்.

பட்டாசுக்குப் போனால் இத்தனை வசதிகூட இல்லை. 2017 அக்டோபர் 9 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்தில் அந்தத் தீபாவளிக்குப் பட்டாசு விற்பனையை நிறுத்தியது. ஒரு தீபாவளிக்கான உத்தரவு. தற்காலிகம் என்று எழுதிவைக்கத் தோன்றும். ஓராண்டு கழித்து, 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை வந்தது. பசுமைப் பட்டாசு மட்டும், அதுவும் தீபாவளியன்று இரவு 8 முதல் 10 வரை. பச்சை நிற ஒளிக்கும் பல வாண வகைகளுக்கும் பேரியம் நைட்ரேட்தான் ஆதாரம். ஆலைகள் எதிர்ப்புத் தெரிவித்து மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. மூடல் தற்காலிக அதிர்வு. கலவை மாறியது நிரந்தரம் போலத் தெரிகிறது. இரண்டுக்கும் மூலம் ஒரே தீர்ப்பு. நிரந்தரமும் தற்காலிகமும் ஒன்றையொன்று சாராதவை என்ற அடிப்படை நிபந்தனைக்கு இந்த ஊரின் பதில் இதுதான்.

2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாத உற்பத்தித் தொடரில் அது ஒரு சிறு பள்ளம். சில மாதத்தில் கோடு பழைய மட்டத்துக்கு வந்துவிடும், மாதிரியும் அதைக் கரைந்துபோன அதிர்வாகவே பதிவு செய்யும். ஏழாயிரம்பண்ணைக்கும் அச்சங்குளத்துக்கும் நடுவே உள்ள வீடுகளில் அதை அப்படிப் பதிவு செய்ய முடியாது. உற்பத்தித் தொடர் உற்பத்தியை மட்டுமே அளக்கிறது என்பதை ஆய்வு எழுதுகிறவர் ஒரு வரியிலாவது சொல்லிவைக்க வேண்டும் என்பது என் கட்சி.

பியர் பெரோன் 1989இல் எழுப்பிய எச்சரிக்கையும் பட்டாசுக்கு நேராகப் பொருந்தும். ஒரு தொடர் நேர்கோட்டைச் சுற்றி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்து, ஒரே ஒரு முறை பெரிய உடைப்பு வந்தால், வழக்கமான சோதனைகள் அதைத் தற்போக்கு நடை என்று தவறாகப் படித்துவிடும். அவர் எடுத்துக்கொண்டவை 1929 வீழ்ச்சியும் 1973 எண்ணெய் விலை அதிர்வும். உடைப்பை நாமே தேதி சொல்லி எடுத்து வைத்துவிட்டால், மீதியில் நிரந்தர அதிர்வு என்று பெரிதாக எதுவும் இல்லாமலும் போகலாம். ஒவ்வொரு அடியும் நிரந்தரமாகத் தங்குகிறதா, அல்லது நூற்றாண்டுக்கு ஓரிரு முறை வரும் அடி மட்டும் தங்குகிறதா என்பது முழுக்க வேறு வேறு உலகங்கள்.

சரி, 2018இல் வெட்டிவிடலாம் என்று வைத்துக்கொள்வோம். தேதி தெரியும், காரணம் தெரியும், தீர்ப்பு கையில் இருக்கிறது. ஆனால் 2020இல் கொரோனா. 2021 அக்டோபரில் பேரியத் தடையை மீறுவோர் குறித்து மீண்டும் உச்ச நீதிமன்ற உத்தரவு. டெல்லியில் ஆண்டு முழுவதற்குமான தடை. அதைத் தளர்த்த 2025 ஏப்ரலில் நீதிமன்றம் மறுத்தது. அதே ஆண்டு அக்டோபர் 15இல் தீபாவளிக்குச் சில நாட்கள் பசுமைப் பட்டாசுக்கு அதே நீதிமன்றம் அனுமதி தந்தது. ஏப்ரலில் "நிரந்தரம்" என்ற கட்டத்தில் போட்டதை அக்டோபரில் எந்தக் கட்டத்துக்கு மாற்றுவது? ஒவ்வொரு உத்தரவுக்கும் ஒரு வெட்டு என்று வெட்டிக்கொண்டே போனால் மிஞ்சும் துண்டுகள் ஓராண்டு, மூன்றாண்டு நீளத்தில் கிடக்கும். பட்டாசு ஆண்டுக்கு ஒரு பண்டிகையை நம்பிய தொழில். 2018 தீர்ப்புக்கும் 2025 அனுமதிக்கும் நடுவே, 2018ஐயும் சேர்த்து, வந்த தீபாவளிகள் ஏழு. அவற்றில் இரண்டு கொரோனாக் காலத்தில் போயின. மீதி ஐந்தை வைத்து நீண்டகாலத்தைப் பற்றி ஒரு வாக்கியம் எழுத வேண்டுமென்றால், அந்த வாக்கியத்தின் பெரும்பகுதி ஆலைக்காரரின் அனுபவத்திலிருந்தும் நீதிமன்றத்தின் போக்கைப் பற்றிய ஊகத்திலிருந்தும்தான் வர வேண்டும்.